தனித் தம்ளர்

கேள்வி: பிலிப்பைன்ஸ் நாட்டில் 2010-இல் வெளிவந்த ‘எச்.ஐ.வி: சி ஹைடி, சி ஐவி அட் சி வி’ என்ற படத்தைப் பார்த்தேன். ஒருவர் கதையாக எடுக்காமல் பலர் கதையாக எடுத்தது ஏன்? எங்கள் சித்தப்பாவுக்கும் இத்தொற்று உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். ஆச்சி அவருக்கென்று தனித் தம்ளர் வைத்திருக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

– வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: தலைப்பிலேயே விடை இருக்கிறது. ஹைடி, ஐவி, வி ஆகிய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிருமியின் பெயர் வரும். அந்த மூன்றெழுத்தை மனிதர்களாகப் பாருங்கள் என்கிறது படம். அதே நாட்டில் 1993-இல் வில்மா சாண்டோஸ் நடித்த படம், தமக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன டோல்சுரா கோர்டெஸ் என்ற ஒரே பெண்ணின் கதை. கூட்டு மருந்துச் சிகிச்சை வராத காலம் என்பதால் மரணமே அக்கதையின் எல்லையாக இருந்தது. நம் ஊர்ச் சுவர்களிலும் விழிப்புணர்வு விளம்பரமாக ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஒரே ஆளைத்தான் எழுதினார்கள். ஒருவர் கதை என்றால், அவர் செய்த தப்புக்கு அவர் அனுபவிக்கிறார் என்று ஒதுங்கிவிடலாம். பலர் வரும்போது அவர்களில் ஒருவராவது நம் வீட்டு மனிதரைப் போலத் தெரிந்துவிடுகிறார். எனக்கு இவ்வகைப் படங்கள் முக்கியமாகப் படுவது அதனால்தான்.

ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். 1986-இல் சென்னையில் நாட்டின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டது முதல், ‘உயிர்க்கொல்லி நோய்’ என்றே அவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படும் மருந்தை விடாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது என்பதை யாரும் அவர்களுக்கு அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. தம்ளர், தட்டு, எச்சில் வழியாக இது என்றைக்கும் பரவியதில்லை. ஐயமிருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடமும் ஆச்சியை அழைத்துப் போகலாம், சித்தப்பா சம்மதித்தால் மட்டும். நம்பிச் சொல்லப்பட்ட ஒருவரின் தொற்றை அவர் ஒப்புதலின்றி வெளியிடக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் பெயரையும் ஊரையும் அச்சிடாததும் அதனால்தான்.

அதுவரை, நாளைக் காலையில் உங்கள் காபியைச் சித்தப்பாவின் தம்ளரில் ஆற்றி, ஆச்சி பார்க்கக் குடியுங்கள். குடித்த பின் கழுவி, மற்றத் தம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்து வையுங்கள்.