படகிலேயே வாந்தி வருகிறதே, சிமுலேட்டரில் தாக்குப்பிடிப்பேனா?

கேள்வி: எனக்கு வயது 24. மண்டபத்தை அடுத்த மீனவ கிராமம் எங்கள் ஊர். வணிக விமானி உரிமம் பெற்றுவிட்டேன். அடுத்த மாதம் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சியில், முதல் முறையாக அசையும் சிமுலேட்டரில், அதாவது விமானி அறையைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவியில், உட்காரப்போகிறேன். அப்பாவின் படகில் ஏறினால் இன்றும் தலை கிறுகிறுத்து வாந்தி வந்துவிடுகிறது. சிறிய பயிற்சி விமானத்திலும் தொடக்கத்தில் குமட்டியது, பிறகு சரியாகிவிட்டது. சிமுலேட்டர் அதைவிட மோசம் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். என் காதில் ஏதேனும் குறை இருக்குமா? பேருந்துப் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: குறை எதுவும் இருப்பதாக உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு உள்காதுகளின் சமநிலை உறுப்புகளும் முற்றிலும் செயலிழந்துபோனவர்களுக்குத்தான், எவ்வளவு ஆடும் படகில் ஏற்றினாலும் குமட்டல் வருவதில்லை. ஆகவே உங்களுக்கு வாந்தி வருவது காது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே. இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த காது மருத்துவனான நானும், குருசடைத் தீவுக்குப் போன படகில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

சிமுலேட்டருக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நீங்கள் உட்காரும் அறை, நீண்டு சுருங்கும் 6 கால்களின் மேல் நிற்கிறது. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது முதுகை இருக்கையோடு அழுத்தும் அந்த உணர்வைத் தருவதற்கு, ஓடுவதற்கு இடமில்லாத அந்த அறை மெதுவாகப் பின்பக்கம் சாய்கிறது. சாய்ந்த உடலைப் புவியீர்ப்பு அழுத்துவதும் வேகமெடுக்கும்போது ஏற்படும் அழுத்தமும் உள்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் பரல்களுக்கு ஒன்றுபோலவே தெரிவதால், மூளை அதை வேகம் என்று நம்பிவிடுகிறது. ஆனால் சுழற்சியை உணரும் 3 அரைவட்டக் குழல்களை இதே அளவுக்கு ஏமாற்ற முடியாது. கண் முன்னே விமானம் நீண்ட வளைவில் திரும்பிக்கொண்டே இருக்க, அறையோ சற்று அசைந்துவிட்டுத் தன் நடுநிலைக்கு வந்துவிட்டிருக்கும். கண் சொல்வதும் காது சொல்வதும் முரண்படும் அந்த இடத்தில்தான் குமட்டல் பிறக்கிறது. படகில் கீழறையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவில்லை என்கிறது, காது அசைவு என்கிறது. சிமுலேட்டரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அதனால் படகில் வாந்தி எடுப்பவர் இங்கும் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதில் விந்தையான ஒன்றும் உண்டு. சிமுலேட்டர் குமட்டலைப் பற்றி 1957-ல் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரை வைத்து வந்த முதல் அறிக்கையிலேயே, புதியவர்களைவிடப் பறந்து பழகிய பயிற்றுநர்கள் அதிகம் அவதிப்பட்டதாகக் காணப்பட்டது. உண்மையான பறப்பு எப்படி இருக்கும் என்பதை மனப்பாடமாக அறிந்த மூளைக்கு, சிறு வேறுபாடும் உறுத்துகிறது.

இனி மாத்திரைக்கு வருவோம். வேண்டாம். புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்ற மருந்துகள் பேருந்தின் ஜன்னலோரம் தூங்கிப்போகும் பயணிக்குச் சரி. என்ஜின் பழுதைச் சமாளிக்கும் பயிற்சியில் இருப்பவருக்கு அவை தரும் மயக்கமும் மந்தமும் தீங்கு, சிலருக்கு அது மறுநாள் வரை நீடிக்கும். மேலும் இம்மருந்துகள் மூளை தானாகப் பழகிக்கொள்ளும் வேலையையும் தாமதப்படுத்தக்கூடும். பயிற்சி விமானத்தில் உங்களுக்குக் குமட்டல் நின்றது இந்தப் பழக்கத்தால்தான். அதை மருந்து போட்டுத் தடுக்காதீர்கள். விமானிக்குச் சுயமருத்துவம் எப்போதுமே ஆகாது. கட்டாயம் ஏதாவது வாயில் போட்டே ஆக வேண்டுமென்றால், இஞ்சி மரப்பாவோ முந்தைய வேளையில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோ போதும். பலன் மிதமானதுதான், ஆனால் தூக்கக் கலக்கம் தராது.

சிமுலேட்டர்கள் பெரும்பாலும் இரவு பகலாக இயங்குபவை என்பதால், உங்களுக்கான நேரம் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ அமையலாம். ஒரு பயிற்சி பொதுவாக 4 மணி நேரம். நீங்களும் உடன் பயில்பவரும் மாறி மாறி ஓட்டுவீர்கள். முன்னும் பின்னும் பேச்சும் விளக்கமும் தனியாக உண்டு. தூக்கம் குறைந்த உடலுக்குக் குமட்டல் எளிதில் வரும், ஆகவே முந்தைய இரு நாட்களின் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து இறங்கியதும் நேரே போய் உட்காருவது பெரும் தவறு. வெறும் வயிறும் கூடாது, கொழுப்பும் காரமும் மிகுந்த சாப்பாடும் கூடாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி போன்ற எளிய உணவு நல்லது. அறை குளிராக இருக்கும்; முழுக்கைச் சட்டையோ ஸ்வெட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றழுத்தம் மாறுவதில்லை, அதனால் விமானத்தில் போல் காது அடைத்து வலிக்காது. எனினும் கடும் சளியோடு போனால் தலைச்சுற்றல் கூடலாம்.

இருக்கையில் அமர்ந்தபின் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதலில் இருக்கையின் உயரத்தைச் சரியாக அமையுங்கள். ஏ320-இன் முன்கண்ணாடியின் நடுவே சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு உருண்டைகள் இருக்கும். அவற்றை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால் கண் சரியான இடத்துக்கு வந்துவிடும். வெளிக்காட்சி அந்த இடத்திலிருந்து பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது. விலகிப் பார்த்தால் தொடுவானமே கோணலாகத் தெரிந்து குமட்டலைத் தூண்டும். பிறகு, அறை அசையும்போது தலையைச் சட்டென்று திருப்பவோ குனியவோ வேண்டாம். மேலே உள்ள சுவிட்சைக் கண்ணால் தேடிக்கொண்டு, தலையை மெதுவாகவே நகர்த்துங்கள். படகில் புதியவரை அணியத்தில், அதாவது முன்முனையில், உட்காரவிடாமல் நடுவில் உட்காரவைத்து, கரையைப் பார் என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பாரே, அதே அறிவுதான் இங்கும். பயிற்றுநர் பறப்பை நிறுத்திவிட்டு விமானத்தை ஓடுபாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் அந்தச் சில நொடிகள், காட்சி தாவி ஓடுவதால், மிக மோசமானவை. அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்கும் முன்பே உங்கள் இயல்பைப் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கொட்டாவி ஆகியவை வாந்திக்கு முந்தைய அறிகுறிகள். அந்நிலையில் அசைவை நிறுத்தச் சொல்லி 5 நிமிடம் ஓய்வெடுப்பது தோல்வியல்ல. விரல்கள் மரத்து உதட்டோரம் சிறு குத்தல் எடுத்தால், அது பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுவதன் விளைவாக இருக்கலாம். மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டால் சில நிமிடங்களில் அடங்கும்.

ஆனால் நான் உண்மையில் கவலைப்படுவது அறையைவிட்டு வெளியே வந்தபின் உள்ள நேரத்தைப் பற்றி. கடலிலிருந்து வந்தபின் தரை ஆடுவதுபோல் தோன்றுவதை உங்கள் ஊரில் எல்லாரும் அறிவார்கள். சிமுலேட்டருக்குப் பிறகும் அப்படித் தள்ளாட்டமும் கண்சோர்வும் சில மணி நேரம் வரலாம், சில நேரம் வீட்டுக்குப் போனபின் தலைதூக்கும். அன்று ஸ்கூட்டரோ காரோ ஓட்ட வேண்டாம்.

ஒற்றைத் தலைவலி உள்ளவராக இருந்தாலோ, படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றாலோ, ஒரு காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ இருந்தாலோ, பயிற்சிக்கு முன்பே ஒரு காது மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; அவை எதுவும் இல்லையென்றால், முதல் நாளில் வாந்தி வந்தாலும் இரண்டாம், மூன்றாம் பயிற்சிகளுக்குத் தயங்காமல் போய் உட்காருங்கள்.