வேகச் சோதனையில் எடுத்த வீடியோவைக் காவலர் அழிக்கச் சொன்னால்

வேகச் சோதனைக்காக உங்கள் வண்டியை நிறுத்திய காவலர், நீங்கள் போனில் எடுத்த வீடியோவை அழிக்கச் சொன்னார், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அமெரிக்காவில் உங்கள் வீடியோவை அழிக்கச் சொல்ல அந்தக் காவலருக்கு அதிகாரம் கிடையாது. கைது செய்தாலும்கூட, போனுக்குள் தேடுவதற்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் ரைலி எதிர் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவர் "கொஞ்சம் காட்டுங்கள்" என்றதும் நீங்களே பூட்டைத் திறந்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். அதையே சம்மதம் என்று வாதிடுவார்கள். இனி யாராவது கேட்டால் "எனக்குச் சம்மதமில்லை" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதையும் மீறிப் பிடுங்கினால் கைகலக்காதீர்கள், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதே போனில் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியைத் திறந்து பாருங்கள். ஐபோன் என்றால் அழித்த வீடியோ சுமார் 30 நாள் அங்கே இருக்கும். அப்புறம் அந்தக் காவலர் உடையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு எச்சரிக்கை: வண்டியைவிட்டு இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும், 1977-ல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அப்படி. மறைத்துவைத்துக் குரலைப் பதிவுசெய்தால் சில மாநிலங்களில் சட்டச் சிக்கல் வரலாம். போனை டேஷ்போர்டில் வெளிப்படையாக மாட்டிவையுங்கள்.