நடுக்கூடத்தில் நிற்பவரா வழிதவறியவர்?

கேள்வி: திமிங்கலச் சுறா என்ற வெளிநாட்டு மீன் எப்படி வழிதவறி நம் சென்னைக் கடலுக்கு வருகிறது? மெரினாவில் கால் நனைக்கலாமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாக நனையுங்கள். ஒன்றரை மீட்டர் அகல வாயைத் திறந்து அது தின்பது மிதவை உயிர்களையும் மீன் முட்டையையும் பொடி மீன்களையும்தான். மெரினாவில் பயப்பட வேண்டியது அலையின் இழுப்புக்கு.

சரி, அந்த 'வழிதவறி'க்கு வருவோம். இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருஷச் சண்டை. கரையில் பெரிதாக எது செத்துக் கிடந்தாலும் 'வழிதவறி வந்த ராட்சதத் திமிங்கலம்' என்று போடுகிற ஒரு நாளிதழுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன், ஒரு வரி பதில் இல்லை. ஐயா, முதலில் அது திமிங்கலமே இல்லை, மீன். வாலைப் பாருங்கள், திமிங்கலத்துக்குப் படுத்திருக்கும், சுறாவுக்கு நிமிர்ந்து நிற்கும். பல வருஷம் முன்பு காசிமேட்டில் கிடந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, முதுகு முழுக்கக் கோலத்துக்கு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். நம் கைரேகை போல ஒவ்வொரு மீனுக்கும் அந்தப் புள்ளி வரிசை வேறு.

அதன் வீடு எது தெரியுமா? பூமத்திய ரேகைக்கு வடக்கே 30 டிகிரி, தெற்கே 35 டிகிரி, இடையில் உள்ள வெதுவெதுப்பான கடல் அத்தனையும். மத்தியதரைக் கடல் மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. சென்னை இருப்பது 13 டிகிரியில். நடுக்கூடத்தில் நிற்பவரிடம் போய் 'வழிதவறி வந்தீர்களா' என்றா கேட்பது? மேலே வெயிலில் மிதக்கும், நினைத்தால் 1,900 மீட்டர் ஆழத்துக்கும் இறங்கும். பனாமா பக்கம் கருவி பொருத்திய ஒரு பெண் சுறா, பசிபிக்கைக் கடந்து மரியானா அகழி வரை சுமார் 20,000 கிலோமீட்டர் போயிருக்கிறது. வழி தெரியாத மீனா இது?

ஒருகாலத்தில் ஈரல் எண்ணெய்க்காக இதைக் குத்திக் கொன்றது குஜராத் கரை. 2001இல் சட்டம் தடுத்தது. ஆனால் மனசை மாற்றியது, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்று அந்த ஊர் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு சொன்ன பேச்சு. அப்புறம் அங்கே மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து இதை விடுவிக்கிறார்கள். வலை என்ன விலை என்று ராயபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அந்த நாளிதழுக்கு நாலாவது கடிதம் இன்றைய தபாலில் போகிறது.