அட்டைப்பெட்டியை மண்ணில் கலக்கலாமா?

கேள்வி: ஆன்லைனில் வாங்கும் சாமான்களோடு வரும் அட்டைப்பெட்டிகள் வீட்டில் குவிந்துவிட்டன. மண்ணுக்கு நல்லது என்றார்களே என்று துண்டுதுண்டாகக் கிழித்து மாடித்தோட்டத் தொட்டி மண்ணில் கலந்து கத்தரி நட்டேன். மூன்று வாரமாகச் செடி அப்படியே நிற்கிறது, கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. பிடுங்கிவிடவா?
- வாசகி, தாம்பரம்

பதில்: பிடுங்காதீர்கள். அட்டை நல்லதுதான், நீங்கள் போட்ட இடம்தான் தப்பு. அட்டையில் இருப்பது பெரும்பாலும் கரிமச்சத்து (கார்பன்), தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆனால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டுமே, அதனால் பக்கத்து மண்ணிலிருந்து கத்தரிக்குப் போகவேண்டியதை அவை எடுத்துக்கொள்கின்றன. (எல்லாம் மட்கிய பிறகு திருப்பித் தந்துவிடும், அதற்குள் உங்கள் கத்தரி பட்டினி.) ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். புதுத் தளிர் பச்சையாக வந்தால் சரி.

மீதிப் பெட்டிகளை மூடாக்காக, அதாவது மண்ணுக்கு மேல் போர்வையாகப் போடுங்கள். டேப், ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பளபளப்பான பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, பழுப்பு அட்டையை மட்டும் வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்த அட்டையைப் போட்டால் ஊற்றுகிற தண்ணீர் மேலேயே வழிந்து ஓடிவிடும், கீழே மண் வறண்டு கிடக்கும். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு அட்டையைப் பரப்பி, மேலே சருகு போட்டுவிடுங்கள். அதைவிட நல்ல வழி, சமையலறைக் கழிவு மட்கும் தொட்டியில் காய்கறித் தோலுக்கு ஒரு அடுக்கு, கிழித்த அட்டைக்கு ஒரு அடுக்கு என்று போடுவது. தோலில் தழைச்சத்து உண்டு, கசியும் நீரை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றமும் குறையும்.

கேள்வி: தரையில் பாத்தி போட அட்டை விரித்தால் கோரை ஒழியுமா? கரையான் வருமா?
- வாசகர், மதுரை

பதில்: சாதாரணக் களை வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். கோரை அப்படியில்லை, கிழங்கிலிருந்து கிளம்பி ஊறிய அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். முதலில் கிழங்கோடு தோண்டி எடுங்கள், அப்புறம் அட்டை. கரையான் தேடி வரலாம், அதற்கு அட்டையும் மரமும் ஒன்றுதான். ஆகவே வீட்டுச் சுவர், நிலைப்படி ஓரம் விரிக்கவே வேண்டாம். தள்ளியுள்ள பாத்தியில் விரித்தாலும் வாரம் ஒருமுறை ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள்.