வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. உங்கள் மகன், நம் தம்பி, இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) டிப்ளமோ முடிக்கப்போகிறான். பி.இ. ஏஐ படிப்பில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்த்துவிடலாம், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு மூன்று வருடத்தில் ஆறு லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் புரட்டிவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். நல்ல மனதோடுதான் சொல்கிறார். இருந்தாலும் பத்திரத்தை வைக்காதீர்கள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் துறை தம்பிக்குப் பிடிக்கிறதா என்று முதலில் ஒரு மாதம் பார்க்கலாம்.

தம்பியின் நாட்டம் எதில் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாலையானால் தெருவில் ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்களோடு போய்விடுகிறான். ஜவுளிக்கடையில் சிசிடிவி நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். புரோகிராமிங், கணக்கு என்றால் ஒதுங்குகிறான். ஏஐ படிப்பு முழுக்க அந்த இரண்டும்தான். மாமாவின் மனசுக்காகச் சேர்ந்து அரியர் வைத்தால், கடனை அடைக்கப்போவது மாமா இல்லை.

“கம்பி இழுக்கிற வேலைக்கா டிப்ளமோ படித்தான்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். வங்கிக் கிளை, மருத்துவமனை, ஐடி நிறுவனம், சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் டேட்டா சென்டர்கள் எல்லாம் நெட்வொர்க் ஓடினால்தான் ஓடும். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நுழைவுச் சான்றிதழாகப் பலரும் கேட்பது, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. அதை எழுதப் பட்டம் தேவையில்லை. 120 நிமிடத் தேர்வு, மூன்றாண்டு செல்லும்.

அதற்கும் உடனே பணம் கட்டாதீர்கள். கட்டணம் 300 டாலர், வரியோடு ரூ.30,000 அளவில் வரும். தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். எடுத்த எடுப்பில் யாரும் இதில் இறங்கக் கூடாது.

பலர் கண்ணில் படாத வழி ஒன்று இருக்கிறது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி இணையதளத்தில் அடிப்படைப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழக உதவும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளும் அங்கேயே இலவசம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும். நாலு கம்ப்யூட்டர், அவற்றை இரண்டு குழுவாக இணைக்க இரண்டு சுவிட்ச் கருவிகள், அந்த இரண்டு குழுவையும் இணைக்க ஒரு ரவுட்டர் என்று திரையில் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். ரவுட்டர் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் தெரியும்; ரவுட்டரின் போர்ட் தானாக இயங்காது, ‘நோ ஷட்டவுன்’ என்று கட்டளை கொடுத்தால்தான் பச்சையாகும். பிறகு முகவரிகளைக் கொடுத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொன்றுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால், பெரும்பாலும் முதல் பேக்கெட், அதாவது முதல் தகவல் துண்டு, தவறிவிடும், அடுத்தவற்றுக்குப் பதில் வரும். ஏன் முதலாவது மட்டும் போகவில்லை என்று தேடினால் ஏஆர்பி பற்றித் தெரிந்துகொள்வான். எதிர்முனைக் கருவிக்கென்றே இருக்கும் மேக் முகவரியை முதலில் விசாரித்தாக வேண்டும்; அந்த விசாரணைதான் ஏஆர்பி. அதற்குள் முதல் பேக்கெட் வீணாகிறது. இப்படித் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் ஒரு மாதம் தாங்கினால் அவனுக்கு இந்தத் துறை பிடிக்கும். பதில் வந்தது, சரி என்று எழுந்து போனால் அதையும் அவன் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள்.

கணக்கு வராதவனாச்சே என்று பயப்படாதீர்கள். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கில் வருவது 2, 4, 8, 16 என்று போகும் இரண்டின் அடுக்குகள்தான். ஒரு பகுதியின் அளவு /26 என்று குறித்திருந்தால் அதில் 64 முகவரி. அந்த நெட்வொர்க்கைக் குறிக்க ஒன்று, எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்டுக்கு ஒன்று போக, கருவிகளுக்கு 62. தினமும் பேப்பரில் பத்துக் கணக்கு போட்டால் பழகிவிடும். சிசிஎன்ஏ பாடத்தில், புரோகிராம் மூலம் கருவிகளை இயக்கும் ஆட்டோமேஷன் 10 சதவீதம் இருக்கிறது. புரோகிராமிங்கை அடியோடு தவிர்க்க முடியாது என்பதையும் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடிப்படை பிடிபட்ட பிறகு, சிசிஎன்ஏவுக்கு முன்படியாக சிஸ்கோ 2023-இல் கொண்டுவந்த சிசிஎஸ்டி நெட்வொர்க்கிங் தேர்வை எழுதலாம். 50 நிமிடம்தான், கட்டணமும் சிசிஎன்ஏவில் பாதிக்குக் குறைவு.

சிசிஎன்ஏவையும் அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்பியையும் சேர்த்து ஒரு லட்சம், வேலை நிச்சயம் என்று சொல்லும் பயிற்சி மையத்தின் வாசலைக்கூட மிதிக்க வேண்டாம். ‘டம்ப்’, அதாவது தேர்விலிருந்து கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு, தருகிறோம் என்பவர்களை நம்பினால், சான்றிதழையே சிஸ்கோ ரத்து செய்துவிடலாம்.

முதல் சம்பளம் சிறிதாகத்தான் இருக்கும், இரவு ஷிஃப்டும் வரும். பி.இ. ஆசை பிறகு அவனுக்கே வந்தால், டிப்ளமோவை வைத்து நேரடி இரண்டாம் ஆண்டு சேரும் வழி இருக்கவே இருக்கிறது. அப்போது அவன் சம்பாத்தியமும் கைகொடுக்கும்.

அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தம்பியை இந்த ஞாயிற்றுக்கிழமையே பேக்கெட் டிரேசரை இறக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.