பெரிய இன்ஜெக்டரும் அதோடு வராத காகிதமும்

கேள்வி: என்னிடம் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று இருக்கிறது. 85 குதிரைத்திறன் கொண்ட 16 வால்வு இன்ஜின். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக மட்டும் அதில் சிறிய டர்போ பொருத்தியிருக்கிறேன், பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) 0.7 பார். 140 குதிரைத்திறன் கிடைத்தால் எனக்குப் போதும். "நாளை பவர் கூட்டினாலும் மாற்ற வேண்டியிருக்காது" என்று கடைக்காரர் சொன்னதால் நிமிடத்துக்கு 1000 சி.சி. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும், அவற்றை இயக்கும் கணினியான புரோகிராமபிள் இ.சி.யூ. (பயன்படுத்தியது) ஒன்றும் வாங்கினேன். முழு ஆக்சிலரேட்டரில் அருமையாக ஓடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலில்தான் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கியதும் இன்ஜின் நின்றுவிடுகிறது. இ.சி.யூ. சரியில்லை, வேறு வாங்குங்கள் என்கிறார் டியூனர். வாங்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். இ.சி.யூ.வின் மேல் பழி போடும் முன், இன்ஜெக்டர்களோடு ஒரு காகிதம் வந்ததா என்று பாருங்கள். வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அது என்ன காகிதம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவு. டர்போ பொருத்திய இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சி.சி. பெட்ரோல் குடிக்கும். 140 குதிரைத்திறனுக்கு 882 சி.சி.; நான்காகப் பிரித்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 220. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைத்திருக்கக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தால் 276 சி.சி. வேண்டும். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதற்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டியிருப்பதால் 300 என்று வைத்துக்கொள்ளலாம். 350 முதல் 400 சி.சி. வரையிலான செட் உங்களுக்குத் தாராளம். உங்கள் கடைக்காரர் கொடுத்த நான்கும் இதே கணக்கில் சுமார் 470 குதிரைத்திறனுக்குத் தீனி போடும். எஸ்டீமின் கனெக்டிங் ராடுகள் அதற்கு வெகு முன்பே பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பெரிதாக இருந்தால் குறைத்துத் திறந்தால் போயிற்று என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மின்சாரம் கிடைத்த கணமே இன்ஜெக்டர் திறந்துவிடுவதில்லை. காந்தச் சுருள் ஊசியைத் தூக்குவதற்குள் சுமார் ஒரு மில்லி விநாடி கழிந்துவிடும். இதை டெட் டைம் என்பார்கள். மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கினால் இந்த நேரம் நீளும்.

உங்கள் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகச் சொற்பம். 1000 சி.சி. இன்ஜெக்டர் அதைக் கொடுக்க, டெட் டைம் போக, அரை மில்லி விநாடி திறந்திருந்தால் போதும். இ.சி.யூ.வில் பதிந்திருக்கும் டெட் டைம் 0.1 மில்லி விநாடி பிசகினாலும் எரிபொருள் 20 சதவீதம் கூடும் அல்லது குறையும். அதே பிசகு 400 சி.சி. இன்ஜெக்டரில் 8 சதவீதம்தான். முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜெக்டர் பல மில்லி விநாடிகள் திறந்திருக்கும், அங்கே 0.1 போனது யாருக்கும் தெரியாது. ஓட்டத்தில் குறையில்லாமல் ஐடிலில் மட்டும் தகராறு வருவதற்குக் காரணம் இதுதான். ஃபேன் சுழன்றதும் வோல்டேஜ் சரிகிறது, டெட் டைம் நீள்கிறது, இ.சி.யூ.வுக்கு அது தெரியவில்லை, பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து இன்ஜின் நிற்கிறது. பெட்ரோல் நாற்றத்துக்கும் இதுவே வேர். இவ்வளவு குறுகிய துடிப்பில், அதாவது திறந்து மூடும் நேரத்தில், நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவு கொடுப்பதில்லை. இன்ஜின் குலுங்காமல் இருக்கட்டும் என்று டியூனர் கலவையைக் கொஞ்சம் கனமாக்கியிருப்பார்.

இனி அந்தக் காகிதம். எந்த வோல்டேஜில், எந்த அழுத்தத்தில் டெட் டைம் எவ்வளவு, குறுகிய துடிப்பில் எவ்வளவு பிசகும், நான்கின் ஓட்டமும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளந்து தரும் அட்டவணை அது. இன்ஜெக்டர் டைனமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைத் தங்கள் சரக்கோடு தருகின்றன. அட்டவணை இல்லாத இன்ஜெக்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். மிச்சம் பிடித்த பணம், டியூனிங்குக்காக இன்ஜின் திறனை அளக்கும் டைனோ கருவியின் வாடகையாகப் போய்விடும். 'போஷ்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம். போலிகள் ஏராளம். 0 280 என்று தொடங்கும் பாக எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மல்டிமீட்டரில் மின்தடையையும் அளந்துவிடுங்கள். 12 முதல் 16 ஓம் வரை இருந்தால் பெரும்பாலான இ.சி.யூ.க்கள் நேரடியாக இயக்கும். 2 முதல் 4 ஓம் என்றால் அதற்கேற்ற டிரைவர் சர்க்யூட்டோ ரெசிஸ்டர் பெட்டியோ வேண்டும். இல்லாவிட்டால் அப்போதுதான் இ.சி.யூ. உண்மையிலேயே கெட்டுப்போகும்.

டியூனரிடம் கேட்க வேண்டியது இது. எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு எரிபொருள் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டரின் சி.சி. அளவு பெரும்பாலும் 3 பாருக்குக் குறிக்கப்பட்டிருக்கும். 4 பாரில் அதே இன்ஜெக்டர் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். பிறகு சரியான ஓட்ட அளவையும் டெட் டைம் அட்டவணையையும் உள்ளிட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை நிறுத்திவைத்து, இன்ஜின் சூடானபின் ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையின் அளவு) நகர்கிறதா என்று பார்க்கட்டும். நகர்ந்தால் டெட் டைம் அட்டவணையைத்தான் தொட வேண்டும், எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று சொல்லும் எரிபொருள் மேப்பை அல்ல. இந்த வரிசையை மாற்றி மேப்பில் ஒட்டுப்போட்டால் குளிர்காலக் காலை ஸ்டார்ட்டிங்கில் மறுபடியும் அவரிடமே போய் நிற்பீர்கள்.

1000 சி.சி. செட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் அட்டவணையைத் தேடிப் பிடித்து முயன்று பார்க்கலாம். நல்ல தயாரிப்பாக இருந்தால் ஐடில் ஓரளவு அடங்கும்.

பயன்படுத்திய இ.சி.யூ. பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கொடுக்கும் முன் அதை லேப்டாப்பில் இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். முந்தைய டியூனர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் நீங்கள் வாங்குவது அலுமினியப் பெட்டி மட்டுமே. புதிதாக டியூனிங் செய்துகொள்ளும்போதும், மேப் கோப்பு பூட்டில்லாமல் என் கைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்த வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது; 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். டிராக்கிற்கு டிரக்கில் ஏற்றிச் செல்வதே உத்தமம்.

கேள்வி: ஐ20 என் லைன் டர்போ வைத்திருக்கிறேன். அதற்கும் பெரிய இன்ஜெக்டர் போடலாமா?
- சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். அது நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின். அதன் அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். இன்ஜெக்டரை இயக்கும் மின்னழுத்தமும் பேட்டரியின் 12 வோல்ட் அல்ல, பெருக்கப்பட்டது. சாதாரண புரோகிராமபிள் இ.சி.யூ.வால் அதை இயக்க முடியாது. வாரன்டி இருக்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரிஜினல் என்று சொல்லி விற்ற இன்ஜெக்டர்கள் போலி என்று தெரிந்துவிட்டது. பில்லில் "இன்ஜெக்டர் 4" என்று மட்டுமே இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
- மதுரை வாசகர்

பதில்: வழி இருக்கிறது. விற்றவர் 'ஒரிஜினல்' என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைச் சேகரியுங்கள். இன்ஜெக்டரின் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ டெஸ்ட் பெஞ்ச் உள்ள ஒரு கடையில் நான்கையும் சோதித்து, முத்திரையோடு அறிக்கை வாங்குங்கள். முதலில், விற்றவரிடம் பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதுவரை இன்ஜெக்டர்களைக் கழற்றி, பெட்டியோடு பத்திரமாக வைத்திருங்கள்.