மதுரையில் ஒரு மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் பக்கத்து வீட்டின் கட்டட அனுமதிக் கோப்பையும் எப்படிக் கேட்டு வாங்குவது?

நேரில் போய் "லேஅவுட் நகல் வேண்டும்" என்று கேட்டதாகவும், "சர்வே எண் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அலுவலர் சொன்னது சரிதான். மனுவை எழுதுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: உங்கள் கோப்பு எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது. பாதி மனுக்கள் தோற்பது அங்கேதான்.

மதுரையில் இது கொஞ்சம் சிக்கல். 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், 11 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. ஆகவே 1990களில் போட்ட மனைப்பிரிவு என்றால், அன்றைக்கு அந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருந்தது என்று முதலில் பாருங்கள். தொழில்நுட்ப அனுமதியை உள்ளூர் திட்டக் குழுமமோ நகர் ஊரமைப்புத் துறையோ கொடுத்திருக்கும். இறுதி அனுமதியைக் கொடுத்தது உள்ளாட்சி. ஆகக் கோப்பு இரண்டு. ஓரிடத்தில் தொலைந்தது மற்றோரிடத்தில் இருக்கலாம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனை என்றால் அப்படி ஒரு தொழில்நுட்ப வரைபடமே இருந்திருக்காது. அங்கே நீங்கள் தேட வேண்டியது, அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தி 2017-க்குப் பிறகு கொடுத்த வரன்முறை ஆணை.

எண்களை உங்கள் கிரயப் பத்திரத்திலிருந்தே எடுக்கலாம். சொத்து விவரப் பகுதியில் சர்வே எண்ணும், நல்ல பத்திர எழுத்தராக இருந்தால் மனைப்பிரிவு அனுமதி எண்ணும் ஆண்டும் இருக்கும். நகர அளவை முடிந்த பகுதியில் பழைய சர்வே எண் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மாறியிருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

மனுவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் போடுங்கள். பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவு வசதியுடன் விரைவுத் தபால் (தனிப் பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது). மாநகராட்சி என்றால் தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகை. அலுவலகம் மாறிப்போனாலும் பயமில்லை. 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதத் தேவையில்லை. எழுதவே எழுதாதீர்கள்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். நகரின் வட ஓரத்தில் எங்கள் மனைப்பிரிவில் பூங்கா என்று சொல்லி விற்ற இடத்தில் ஒருநாள் காலை கல்கால் ஊன்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். ஆத்திரத்தில் இரண்டு பக்கம் எழுதினேன்: ஏன் நடவடிக்கை இல்லை, யார் பொறுப்பு, எப்போது அகற்றுவீர்கள்? ஓர் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி வந்தது: "தாங்கள் கோரியது கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் என்ற வரையறைக்குள் வராது." எரிச்சலாக இருந்தது, ஆனால் சட்டப்படி அவர்கள் பக்கமே நியாயம். இந்தச் சட்டம் காகிதத்தைக் கொடுக்கும், காரணத்தைக் கொடுக்காது.

இரண்டாவது மனு நான்கே வரி: "இன்ன சர்வே எண்ணில் அமைந்த மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், அனுமதி ஆணை, பொது ஒதுக்கீட்டு இடத்துக்கான தானப்பத்திரம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். நகல் கேட்கும் முன் கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்." தானப்பத்திரம் என்பது, பூங்கா போன்ற பொது இடத்தை மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். மனுவின் கடைசி வாக்கியம்தான் முக்கியம். பார்வையிடும் உரிமை 2(j) பிரிவிலேயே இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை.

"கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்று பதில் வந்தது. 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு போட்டேன். பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் இல்லை. அதில் கோப்புப் பதிவேட்டின் அந்த ஆண்டுப் பக்கத்தையும் கேட்டேன். பதிவேட்டைக் கேட்டால் காணாமல் போன கோப்புகளுக்குக் கால் முளைக்கும். மூன்றாவது வாரம், வந்து பாருங்கள் என்று கடிதம் வந்தது.

சிவப்பு நாடா கட்டிய கட்டு. எட்டாக மடித்த வரைபடம், ஊதா மங்கி வெளுத்திருந்தது. மடிப்பு கிழிந்த இடம் சரியாகப் பூங்காவின் மேல். பச்சை வண்ணம் மட்டும் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த உதவியாளர், "சார், மெதுவாகப் பிரியுங்கள், எங்களிடம் இது ஒன்றுதான் இருக்கிறது" என்றார். குறிப்புப் பக்கத்தில் யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: "தானப்பத்திரம் பதிவு செய்யப்பட்டது." பத்திர எண்ணும் ஆண்டும் அதன் கீழே. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அலைச்சல்.

நகலுக்கு ஏ4 தாள் ஒன்றுக்கு 2 ரூபாய். பெரிய வரைபடத்துக்கு நகலெடுக்க ஆகும் செலவு. 30 நாள் கடந்தும் தராவிட்டால் 7(6) பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும்.

பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே தனிப்பட்ட தகவலுக்கு விலக்குக் கொடுக்கும் 8(1)(j) பிரிவைக் காட்டி, மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்கப் பார்ப்பார்கள். ஓரளவு நியாயம்தான், அவர் வீட்டுப் படுக்கையறை எங்கே இருக்கிறது என்பது நமக்கெதற்கு? அனுமதி ஆணை, மனையிட வரைபடம், அனுமதித்த தளங்கள், பக்கவாட்டு இடைவெளி இவற்றை மட்டும் கேளுங்கள். தனிப்பட்ட பகுதியை நீக்கி மீதியைத் தர 10-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். ஜூலை 2024-க்குப் பின் தொடங்கிய சிறிய வீடு என்றால், அது சுயசான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி பெற்றிருக்கலாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான கட்டடத்துக்கு அந்த வழி உண்டு. அப்போது கோப்பு எண் என்று கேட்காமல் இணைய விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் இடத்தில் வேலி இன்னும் நிற்கிறது. வரைபட நகலையும் தானப்பத்திர நகலையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு அங்கே யாரும் அஸ்திவாரம் தோண்ட வரவில்லை.